ஆமைக்கு ஒரு வருஷம்

பழைய ரேடியோ ஒன்றைக் காதோடு அழுத்திக்கொண்டு புல்வெளியின் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தாள் லோகேஸ்வரி. ரேடியோவில் பாட்டும் இல்லை, செய்தியும் இல்லை. மரத்தை வண்டு குடைவது போல 'ர்ர்ர்ர்' என்று ஓர் இரைச்சல் மட்டும். அந்த இரைச்சல் எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த இடத்தில் மண்ணுக்கடியில் புதைத்த கம்பி அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

மணி ஒன்பது பத்து.

கேட்டுக்கு வெளியே ஒரு லோரி வந்து நின்று இருபது நிமிஷம் ஆகியிருந்தது. டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டுக் கால் நீட்டிப் படுத்துவிட்டான். பத்து மணிக்கு மண்டபத்து முதலாளி சுகுமாறன் தன் பிரிக்பீல்ட்ஸ் ஆபீசிலிருந்து வருவார். ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் லோரி வெறுமையாகத் திரும்பும். போடாவிட்டால் ஆமையை ஏற்றிக்கொண்டு போகும்.

ஆமை என்றது நிஜ ஆமையை அல்ல. தானே ஊர்ந்து, தானே புல் வெட்டி, களைத்தால் தானே தன் கூண்டுக்குத் திரும்பிச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் ரோபோவை. கிள்ளானில் இருந்த அந்தக் கல்யாண மண்டபத்துக்கு அது சரியாக ஒரு வருஷத்துக்கு முன்னால் வந்தது. ஏஜென்ட்டோடு பேச்சு இதுதான்: ஒரு வருஷம் ஓட்டிப் பார்ப்பது, கடைசி நாளில் சுகுமாறன் கண் முன்னால் அது கூண்டைவிட்டு வெளியே வந்து, வெட்டி, யார் கையும் படாமல் வீடு திரும்ப வேண்டும். திரும்பினால் ஆமை மண்டபத்துக்குச் சொந்தம். பந்திங்கிலும் ஜெஞ்சாரோமிலும் இருக்கும் அவருடைய மற்ற இரண்டு மண்டபங்களுக்கும் ஒவ்வொன்று வரும். மூன்றுக்கும் பொறுப்பாளி லோகேஸ்வரி.

திரும்பாவிட்டால் அவள் மறுபடியும் நாற்காலி அடுக்கப் போக வேண்டும்.

பதினோரு வருஷம் அவள் அடுக்கியவள்தான். அந்த வேலையை அவள் மட்டமாக நினைத்ததில்லை. ஆனால் ஒரு மெஷினின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்ட ஆளுக்கு, அதற்கப்புறம் நாற்காலியில் மனசு ஒட்டாது.

இன்று காலை எட்டரைக்கு ஆமை கூண்டைவிட்டு ஒரு முழம் வெளியே வந்தது. நின்றது. இடப்பக்கம் திரும்பியது, நின்றது. வலப்பக்கம் திரும்பியது, நின்றது. முதுகில் சிவப்பு விளக்கு. 'எதிரே தடை இருக்கிறது' என்று லோகேஸ்வரியின் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. எதிரே காற்றைத் தவிர ஒன்றும் இல்லை.

"என்னா தங்கச்சி, உன் ஆமை இன்னைக்கு நியூஸ் வாசிக்குதா?"

குரலைக் கேட்டதும் அவள் திரும்பவில்லை. திரும்பாமலே தெரியும். நாகையா.

பத்தொன்பது வருஷம் இந்தப் புல்வெளியைத் தோளில் மாட்டிச் சீவும் தன் தோள் மெஷினால் வெட்டியவர். ஆமை வந்த பிறகு அவருக்கு மிஞ்சியது கால்வாய்க் கரையும் வேலியோரச் சரிவும்தான். அதற்காக அவர் சண்டை போடவில்லை. ஆனால் ஒரு வருஷமாக ஒருநாள் தவறாமல் வாயால் குத்தினார். 'ஆமை' என்று பேர் வைத்ததே அவர்தான்.

"கம்பி பார்க்கிறேன் அண்ணே."

"கம்பியையா. நான் வெட்டுன காலத்துல எனக்குக் கம்பி கட்டியா விட்டாங்க? வேலி எங்க இருக்குன்னு எனக்கே தெரியும் லா."

"உங்களுக்கு நாலு மணிக்கு டீ கேட்கும். ஆமைக்கு அது கேட்காது. போங்கண்ணே, நேரமில்லை."

அவர் சிரித்தபடி தோள் மெஷினைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்.

இரைச்சல் மூங்கில் பந்தலைத் தாண்டியது. மணமேடைப் படிகளைச் சுற்றியது. ஓர் இடத்திலும் அறுபடாமல் கூண்டுக்கே வந்து சேர்ந்தது. கம்பியில் குற்றமில்லை.

அவள் ரேடியோவைப் புல்லில் போட்டுவிட்டு ஆமையைக் குப்புறக் கவிழ்த்தாள்.

இந்த வயிறு அவளுக்கு அத்துப்படி. ரோபோவோடு வந்த கையேடு ஏதோ குளிர்நாட்டில் அச்சடித்தது. அதில் முழுசாக ஓர் அத்தியாயம், 'பனிக்காலத்தில் இயந்திரத்தை எப்படி ஓய்வில் வைப்பது' என்று. நாலு மாதம் புல் வளராதாம். அந்த நாலு மாதத்தில் கழற்றி, துடைத்து, பேட்டரியைப் பாதி சார்ஜில் வைத்து, பிளேடு மாற்றி, உறங்கவிட வேண்டுமாம். கிள்ளானில் புல்லுக்கு ஏது உறக்கம்? பன்னிரண்டு மாதமும் வளரும். மழை பிடித்தால் இன்று வெட்டியது நாளை மறுநாள் கணுக்காலைத் தொடும்.

ஏஜென்ட்டிடம் கேட்டதற்கு, "சும்மா ஓட்டுங்க அக்கா, ஒண்ணும் ஆகாது" என்றான். அதே ஏஜென்ட் வேறு நாலு இடத்தில் கொடுத்த ரோபோக்கள் ஏழு மாதம் தாண்டவில்லை.

லோகேஸ்வரி யோசித்தாள். கல்யாண மண்டபத்துக்கென்று ஒரு பஞ்சாங்கம் இருக்கிறதே. மார்கழியில் யாரும் தாலி கட்டுவதில்லை. ஆடியிலும் இல்லை. மண்டபம் காற்று வாங்கும் மாதங்கள். பனிக்காலம் இல்லாத ஊரில் அவள் மார்கழியைப் பனிக்காலம் ஆக்கினாள். பத்து நாள் ஆமையைச் சமையற்கட்டுப் பின்னறையில் படுக்கவைத்து, மூடியைக் கழற்றி, எறும்புக் கூட்டை எடுத்து, சக்கரத்து அச்சில் ஏறியிருந்த களிமண்ணைச் சுரண்டி, ரப்பர் வளையங்களை மாற்றினாள். தை பிறந்ததும் பிளேடு வெட்டும் உயரத்தை ஏற்றி வைத்து, நாளுக்குக் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வந்தாள். வளர்ந்த புல்லை ஒரே மூச்சில் வெட்டச் சொன்னால் மோட்டார் திணறும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. திணறியபோது கையை வைத்துப் பார்த்தாள். சுட்டது. அவ்வளவுதான் பாடம்.

ஆடியில் இன்னொரு பத்து நாள்.

மற்ற மாதங்களில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மூன்று பிளேடும், கூடவே அவற்றின் ஸ்க்ரூவும் புதுசு. வயிற்றைக் கழுவ ஹோஸ் பைப் கிடையாது, தென்னை ஈர்க்குத் துடைப்பத்தின் அடிக்கட்டைதான். மாலையில் முதல் இடி கேட்டதும், கையில் சோறு இருந்தாலும் ஓடிப்போய் கூண்டின் பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். கிள்ளான் மின்னல் யாருக்கும் தவணை கொடுக்காது. ஒவ்வொரு கல்யாணத்துக்கு மறுநாளும், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு கம்பில் கட்டிப் புல்வெளி முழுக்க இழுப்பாள். சேலைக்குக் குத்திய ஊக்கு, கொண்டை ஊசி, மாலைக் கம்பி என்று ஒரு டப்பா நிறையும். ஒரு ஊக்கு போதும், பிளேடு சில்லாகப் போவதற்கு.

இப்படி முந்நூற்று அறுபத்து நாலு நாள் வந்தாயிற்று. விசேஷ நாளில் புல் மூன்று விரலைத் தாண்டியதில்லை.

முந்நூற்று அறுபத்தைந்தாவது நாளில் வந்து நிற்கிறது.

பிளேடு மூன்றும் சுற்றின. சக்கரத்தில் நூல் இல்லை, முடி இல்லை. சார்ஜ் ஏறும் இரண்டு செம்புப் பட்டைகளும் பளபளத்தன. பேட்டரி நிறைந்திருந்தது. அவள் ஆமையை நிமிர்த்தி மறுபடி ஓடவிட்டாள். ஒரு முழம். நின்றது. சிவப்பு விளக்கு.

மணி ஒன்பது முப்பத்தைந்து.

சமையற்கட்டிலிருந்து லெட்சுமி டீயோடு வந்தாள். மண்டபத்துச் சமையலுக்குத் தலைவி. ஐந்நூறு பேர் சாப்பாட்டை அசராமல் இறக்குகிறவள். வாய் மட்டும் இறங்காது.

"என்னா லோகேஸு, மாசமா இருக்கா உன் ஆமை? நடக்க மாட்டேங்குது?"

"அக்கா, சும்மா இருங்க."

"சும்மாதான் இருக்கேன். பாரு அதை. நேத்து ராத்திரி பூரா கண்ணு முழிச்ச மாதிரி, முழியெல்லாம் மங்கிப் போய்க் கிடக்கு."

லோகேஸ்வரியின் கையில் இருந்த டீ கிளாஸ் அப்படியே நின்றது.

முழி.

ஆமையின் முன்பக்கத்தில் இரண்டு சின்னக் கேமராக்கள் உண்டு. எதிரே ஆள் வந்தால், நாற்காலி இருந்தால், பார்த்து ஒதுங்குவதற்கு. அவள் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தாள். கண்ணாடி இரண்டும் புகைமூட்டக் காலத்து வானம் போல வெளிறிக் கிடந்தன. ராத்திரி பெய்த சாய்மழையில் ஒட்டிய தூசு என்றுதான் காலையில் நினைத்திருந்தாள். சுண்டுவிரலால் ஓரத்தைத் தொட்டாள். தூசு இல்லை. காய்ந்த மாவு போல ஒட்டியது. விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

சந்தனம்.

நேற்று ஆயுத பூசை. நாலு மணிக்கு மண்டபத்து வேன், ஸ்பீக்கர், கிரைண்டர், அரிவாள்மணை வரைக்கும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தார்கள். அப்போதே அவள் எல்லோரையும் நிறுத்திச் சொன்னாள்: ஆமைக்கு மட்டும் பொட்டு வேண்டாம், எலுமிச்சம்பழம் வேண்டாம், கூண்டின் கூரையில் ஒரு பூ போதும். வந்தவர்களெல்லாம் தலையாட்டினார்கள்.

அதையும் மீறி யாரோ பூசியிருக்கிறார்கள். அதுவும் சரியாக இரண்டு கண்ணிலும். உடம்பில் வேறெங்கும் வைக்காமல், குருடாக்க என்னென்ன தேவையோ அதை மட்டும் செய்திருக்கிறார்கள். மேலே இருந்ததை மழை கழுவிவிட்டது. அடியில் ஊறியது வெயிலில் இறுகிவிட்டது.

அவள் எழுந்தாள். பாத்திரம் கழுவுகிறவர்கள், டெக்கரேஷன் ஆட்கள், வேலியோரம் தோள் மெஷினோடு நாகையா.

"யாரு இதுக்குச் சந்தனம் பூசுனது?"

சத்தமாகத்தான் கேட்டாள். 

"பூசுனா என்னா இப்ப? நல்லதுதானே" என்றாள் லெட்சுமி.

"உங்க கண்ணுல அப்பிவிட்டு ரசம் வைக்கச் சொல்லட்டா அக்கா? அது கண்ணு. கண்ணை மறைச்சா எல்லாப் பக்கமும் செவுருன்னு நினைச்சிக்கும். இன்னைக்கு நாள் தெரிஞ்சுதான் யாரோ செஞ்சிருக்காங்க."

கடைசி வாக்கியத்தை அவள் நாகையாவைப் பார்த்துச் சொன்னாள். அவர் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்தது.   தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் போய்விட்டார்.

லெட்சுமி குரலை இறக்கினாள். "சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். நேத்து சாயந்தரம் இவருதான் சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வந்தாரு. யாரும் பாக்குறாங்களான்னு பாத்துப் பாத்து."

 ஒரு வருஷக் கிண்டலை லோகேஸ்வரி கிண்டலாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். இது கிண்டல் இல்லை. ஆனால் கோபப்பட இப்போது நேரம் கிடையாது.

மணி ஒன்பது நாற்பத்தாறு.

"அக்கா, வெந்நீர் வேணாம், வெதுவெதுன்னு தண்ணி. உங்க மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணி. காது குடையிற பஞ்சுக்குச்சி. ஓடுங்க."

சுரண்டக் கூடாது. கீறல் விழுந்தால் கண் போனது போனதுதான். நனைத்த துணியை ஒவ்வொரு கண்ணின்மேலும் வைத்து, காய்ச்சல்காரிக்குப் பற்றுப் போடுவது போலக் காத்திருந்தாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். சந்தனம் குழைந்தது. பஞ்சுக்குச்சியால் வட்டமாக, நடுவிலிருந்து ஓரத்துக்கு. இடது கண் திறந்தது. வலது கண்ணின் வளையத்துக்குள் ஒரு துணுக்கு சிக்கிக்கொண்டு வர மாட்டேன் என்றது.

கேட் திறக்கும் சத்தம்.

சுகுமாறனின் கார், ஆறு நிமிஷம் முன்னதாக. கூடவே கோமதி ஆன்டி. ஐப்பசியில் தன் மகள் கல்யாணத்தை இந்தப் புல்வெளியில் வைக்கலாமா வேண்டாமா என்று பார்க்க வந்தவர். லோரி டிரைவர் எழுந்து உட்கார்ந்து பின்கதவைத் திறந்துவைத்தான்.

"என்ன லோகேஸ்வரி, ரெடியா?"

துணுக்கு பஞ்சோடு வந்தது.

"ரெடி பாஸ்."

அவள் பொத்தானை அழுத்தினாள். 

ஆமை வெளியே வந்தது. ஒரு முழம்.  இரண்டு முழம். மூன்று. நிற்கவில்லை. பச்சை விளக்கோடு, நுனிப்புல்லைச் சரசரவென்று சீவிக்கொண்டு நேரே மணமேடையைப் பார்த்து நடந்தது.

சுகுமாறன் சும்மா விடுகிறவரா? ஒரு நாற்காலியைத் தூக்கி அதன் பாதையில் வைத்தார். ஆமை ஒரு சாண் தள்ளி நின்று, பார்த்து, ஒதுங்கிப் போனது. தன் காலணியைக் கழற்றிப் போட்டார். ஒதுங்கியது. கோமதி ஆன்டி விளையாட்டாகத் தன் கைப்பையைப் புல்லில் வைத்தார்.

"ஆன்டி, அதுல போன் இருக்கா?" என்று கேட்டாள் லோகேஸ்வரி.

"இருக்கு லா. ஏன்?"

"ஒண்ணுமில்லை. இருக்கட்டும். அது தொடாது."

தொடவில்லை. கைப்பையைச் சுற்றி அழகாக ஒரு வளைவு போட்டுக்கொண்டு போனது. ஆன்டி கைதட்டினார்.

அப்போதுதான் வானம் கறுத்தது. காலை வேளையில் மழை வரும் வழக்கம் இல்லை. ஆனால் அது புரட்டாசி. பெரிய பெரிய துளிகளாக விழ ஆரம்பித்தது.

"போதும், நனையுது. தூக்கிட்டு வந்துடு" என்றார் சுகுமாறன்.

லோரி டிரைவர் காதைத் தீட்டினான். யாராவது தூக்கினால் ஒப்பந்தம் முறிந்தது.

"வேணாம் பாஸ். மழை அதுக்கும் தெரியும். அதுவே வரும்."

ஆமை புல்வெளியின் அந்தக் கோடியில் இருந்தது. நின்றது. எல்லோரும் பார்த்தார்கள். மெதுவாகத் திரும்பியது. கம்பியோரத்தைப் பிடித்துக்கொண்டு, மூங்கில் பந்தலைத் தாண்டி, மணமேடைப் படிகளைச் சுற்றி, மழையில் முதுகு பளபளக்க வந்தது. கூண்டின் வாயில் ஒரு விரல் கோணலாக முட்டியது. செம்புப் பட்டை சேரவில்லை. சுகுமாறன் பேனாவைச் சட்டைப் பைக்குள் மறுபடி செருகினார்.

லோகேஸ்வரி அசையவில்லை. 'பின்னாடி போ. பின்னாடி போய்த் திரும்ப வா' என்று உதட்டுக்குள் மட்டும் சொன்னாள். இந்த ஒரு வருஷத்தில் நூறு தடவை அது செய்ததுதான்.

ஆமை பின்வாங்கியது. ஒரு சாண், இரண்டு சாண். நிமிர்ந்தது. உள்ளே வந்தது.

'டக்.'

பச்சை விளக்கு.

லெட்சுமி கரண்டியால் அண்டாவைத் தட்டினாள். பாத்திரம் கழுவும் பெண்கள் கையில் கிடைத்ததையெல்லாம் தட்டினார்கள். கார் முகப்பிலேயே காகிதத்தை வைத்து, மேலே குடை பிடிக்கச் சொல்லி, சுகுமாறன் கையெழுத்துப் போட்டார். கோமதி ஆன்டி அங்கேயே ஐப்பசித் தேதியைச் சொல்லிவிட்டார். லோரி வெறும் முதுகோடு கிளம்பியது. போகும்போது டிரைவர் தலையை வெளியே நீட்டி, "அக்கா, நான் ஏத்தப்போற அஞ்சாவது மெஷின் இதுன்னு நினைச்சேன். டபுக்குன்னு வெறும் வண்டியா அனுப்பிட்டீங்களே" என்று கும்பிட்டான்.

"பந்திங், ஜெஞ்சாரோம் சாவி நாளைக்கு வாங்கிக்க" என்றார் சுகுமாறன். "இனிமே நாற்காலிப் பக்கம் உன்னைப் பார்க்கக் கூடாது."

லோகேஸ்வரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மழையில் நின்றுகொண்டு இரண்டையும் செய்தாள்.

ஆனால் சுகுமாறன் அதோடு விடவில்லை. லெட்சுமியின் வாய் அதற்குள் வேலையைச் செய்திருந்தது.

"கண்ணுல சந்தனத்தை அப்பினாங்களாமே. நாகையாவா? நீ ஒரு வார்த்தை சொல்லு, இன்னையோட அந்தாளை நிறுத்திடறேன்."

ஸ்டோர் ரூம் இறவாரத்தில் நாகையா தனியாக நின்றிருந்தார். எல்லோரும் தட்டியபோது அவரும் தட்டினாரா என்று அவள் கவனிக்கவில்லை. ஒரு வார்த்தை. நாக்கு நுனியில்தான் இருந்தது.

"முதல்ல பார்த்துடலாம் பாஸ். கேமரா இருக்குல்ல."

ஆபீஸ் அறையில் சுகுமாறன் நேற்றைய சிசிடிவிப் பதிவைப் பின்னுக்கு ஓட்டினார். நாலு மணிப் பூசை திரையில் வேகமாக ஓடியது. வேனுக்குப் பொட்டு, கிரைண்டருக்குப் பொட்டு, கையை நீட்டி எச்சரிக்கை செய்யும் லோகேஸ்வரி, தலையாட்டும் கூட்டம். அந்தக் கூட்டத்தில் அவள் நாகையாவைத் தேடினாள். இல்லை. நேற்று அவருக்குப் பந்திங்கில் சரிவு வெட்டும் வேலை. அவள் சொன்னது எதுவும் அவர் காதில் விழுந்தே இருக்காது.

ஆறு முப்பத்தெட்டு. ஆளில்லாத புல்வெளி. நாகையாவின் மோட்டார் சைக்கிள் உள்ளே வந்தது. பின்னால் கட்டியிருந்த தன் தோள் மெஷினை அவிழ்த்து ஸ்டோர் ரூம் சுவரில் சாய்த்தார். உள்ளே போய்ப் பூசையில் மிஞ்சிய சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"பாரு, திருட்டு முழியை" என்றார் சுகுமாறன்.

நாகையா தோள் மெஷினை அப்படியே விட்டுவிட்டுப் புல்வெளியைக் கடந்தார். ஆமையின் கூண்டுக்கு முன்னால் வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மண்டியிட்டார். பொட்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆமையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். லோரிக்கும் காருக்கும் முன்விளக்கில் வைப்பதை நினைத்தோ என்னவோ, கடைசியில் அந்த இரண்டு கண்ணாடிகளைக் கண்டுபிடித்தார். மோதிர விரலால் ஒன்றில் வைத்தார். வழியாமல் துடைத்து, மற்றதில் வைத்தார். இரண்டின் நடுவிலும் குங்குமம். பிறகு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, கண்ணை மூடி, வெகுநேரம் கும்பிட்டார்.

சுகுமாறன் பதிவை நிறுத்தக் கையை நீட்டினார். லோகேஸ்வரி தடுத்தாள்.

திரையில் நாகையா எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கிண்ணத்தோடு ஸ்டோர் ரூமுக்குத் திரும்பி நடந்தார். தன் பத்தொன்பது வருஷத் தோள் மெஷினுக்கு அவர் அதற்கப்புறம்தான் பொட்டு வைத்தார்.